அண்ணன் போட்ட கணக்கு

பிப்ரவரி 6

அண்ணிக்கு,

பல தடவை போன் பண்ணிட்டேன். நீங்க எடுக்கலை. ஏன் எடுக்கலைன்னு தெரியும், அதுக்குள்ள இப்ப போகலை. போனா போன வருஷம் நின்ன இடத்துலயே மறுபடி போய் நிப்போம். எழுதினா குரல் உயராது, நீங்களும் பாதியில வைக்க முடியாது. அதனால இந்தக் கடிதம்.

விஷயம் அண்ணனைப் பத்தினது. அவன் கடைசியா வெளியிட்ட ஆராய்ச்சி உங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கும். குறைமாசத்துல பிறந்த குழந்தையோட நுரையீரலைக் கம்ப்யூட்டருக்குள்ள கட்டி, காத்து அதுக்குள்ள எப்படிப் போகுதுன்னு போட்ட கணக்கு. மூச்சுக் கருவியில இப்ப குடுக்குற அழுத்தத்தைவிடக் குறைவா, விட்டு விட்டுக் குடுத்தாலே மூடிக் கிடக்குற நுரையீரல் முழுசா திறந்துடும்னு சொன்னான். அவன் போய் ரெண்டு வருஷம் ஆகப்போகுது, அதை இன்னும் படிக்கிறாங்க.

இந்த மாசம் ரெண்டு பேர் ஒரு கட்டுரை போட்டிருக்காங்க. அண்ணனோட புரோகிராமை எடுத்து அவங்க சூப்பர் கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பார்த்தாங்களாம். இடது நுரையீரலோட கீழ்ப்பகுதி திறக்கவே இல்லையாம். ‘இந்த முடிவை எங்களால் மீண்டும் பெற முடியவில்லை. வெளியிடப்பட்ட முடிவு எவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதும் விளங்கவில்லை’ன்னு முடிச்சிருக்காங்க. படிக்க மரியாதையாத்தான் இருக்கு. எங்க தொழில்ல இதுக்கு அர்த்தம், ஆள் முடிவுல கைவரிசை காட்டியிருக்கான்னு.

பதில் சொல்ல அவன் இல்லை. நானும் இதே வேலையில இருக்கேன், நான்தான் சொல்லணும். அதுக்கு அவன் மேஜைக்குக் கீழே இருந்த கம்ப்யூட்டர் வேணும். அந்தக் கணக்கை எப்படி ஓட்டினான்ங்கிற விவரமெல்லாம் அதுல இருக்கும். பார்சல் செலவை நான் பார்த்துக்கிறேன். வேற எதுவும் கேட்க மாட்டேன்.

குட்டியைக் கேட்டதா சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்க நாத்தனார்


பிப்ரவரி 15

கம்ப்யூட்டர் இல்லை.

வீடு மாறினப்ப பக்கத்துத் தெரு நூலகத்துல குடுத்துட்டேன். குடுக்கிறதுக்கு முன்னாடி கடைக்காரர்கிட்ட சொல்லி எல்லாத்தையும் அழிச்சுட்டேன், அப்படித்தான் செய்யணும்னு அவர் சொன்னார். ஏன் குடுத்தேன்னு நீ கேட்பே. அந்த மெஷினுக்குள்ள ஒரு விசிறி சுத்தும். அவர் இருந்தப்ப விடிய விடிய அது ஓடிக்கிட்டே இருக்கும், நான் திட்டுவேன். அவர் போனப்புறம் குட்டி ஏதோ விளையாட்டுக்காக ஒரு நாள் அதைப் போட்டா. நான் சமையல்கட்டுல இருந்தேன். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் "சாப்பிட வாங்க"ன்னு கூப்பிட்டுட்டேன். அதுக்கப்புறம் அதை வீட்டுல வச்சிருக்க என்னால முடியலை.

இதுக்குத்தான் நீ அன்னைக்கு, "அண்ணனை மூட்டை கட்டி வெளியில வைக்கிறீங்க"ன்னு சொன்னே. வீட்டை வித்ததுக்கும் சேர்த்துச் சொன்னே. இப்ப இருக்கிறது ஆஸ்பத்திரிக்கு எதிர்லயே மாடிவீடு, ரெண்டு அறை. அந்த ஆஸ்பத்திரி மருந்தகத்துல எனக்கு ஷிப்ட் முடியிறதும் குட்டிக்கு ஸ்கூல் விடுறதும் ஒரே நேரம். கொண்டு விட, கூட்டிட்டு வர வேற ஆள் இல்லை. இதை அன்னைக்கே சொல்லியிருப்பேன். நீ கேட்கலை.

சரி. எனக்கு ஒரே ஒரு கேள்வி. சுத்தி வளைக்காம பதில் எழுது.

அவர் பொய் சொன்னாரா?


பிப்ரவரி 23

அண்ணிக்கு,

தெரியலை. நம்பிக்கையைக் கேட்டா, இல்லை. அத்தாட்சியைக் கேட்டா, இன்னும் என் கையில எதுவும் இல்லை. சுத்தி வளைக்கலை, உண்மையாவே இப்ப இவ்வளவுதான் தெரியும்.

அந்த விசிறி விஷயத்தைப் படிச்சேன். நான் கேட்டிருக்கணும். கேட்கலை.

கம்ப்யூட்டர் போனா போகுது, அவன் புரோகிராம் பொதுவுல இருக்கு, யார் வேணாலும் எடுக்கலாம். எடுத்து இங்க எங்க மெஷின்ல ஓட்டினேன். எனக்கும் அவங்களுக்கு வந்த மாதிரியேதான் வருது. கீழ்ப்பகுதி மூடியே கிடக்கு. அப்புறம் உக்கார்ந்து யோசிச்சேன். அண்ணன் ஓட்டின மெஷின் வேற, அதைக் கழட்டிப் பழைய இரும்புக்குப் போட்டு மூணு வருஷம் ஆச்சு. அதனால முடிவு மாறுமான்னு கேட்டா, மாறலாம். எப்படின்னு சொல்றேன், கொஞ்சம் பொறுத்துக்குங்க.

ஒண்ணை மூணால வகுங்க. புள்ளிக்கு அப்புறம் மூணு மூணா போய்க்கிட்டே இருக்கும். கம்ப்யூட்டர் எங்கேயோ ஒரு இடத்துல வெட்டியாகணும். பதினஞ்சு பதினாறு இலக்கத்தோட வெட்டிடும். ஒவ்வொரு கூட்டலுக்கும் இப்படி ஒரு துளி போகும். எந்த வரிசையில கூட்டுறோமோ அதைப் பொறுத்து அந்தத் துளி வேற வேற இடத்துல போகும், விடையோட வால் மட்டும் லேசா மாறும். பெரிய மெஷின்ல ஆயிரக்கணக்கான ப்ராசஸர் வேலையைப் பங்கு போட்டுச் செய்யும். எத்தனை பேருக்குப் பங்குன்னு மாறினா கூட்டுற வரிசையும் மாறும். புரோகிராமை மெஷின் பாஷைக்கு மாத்துற கம்பைலர் புதுசா வந்தாலும் மாறும்.

சாதாரணமா இதை யாரும் கண்டுக்க மாட்டாங்க. பதினஞ்சாவது இலக்கம் யாருக்கு வேணும்? ஆனா நுரையீரல்ல சின்னச் சின்னக் கிளையா ஆயிரக்கணக்குல மூடிக் கிடக்கு. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு கிளை, ரெண்டும் திறக்கிற நிலைமையில இருக்குன்னு வைங்க. எது ஒரு மயிரிழை முன்னாடி திறக்குதோ காத்து அந்தப் பக்கம் பாயும், இன்னொண்ணு அப்படியே கிடக்கும். அங்க அந்த மயிரிழை முக்கியம்.

அதனால, அவன் எத்தனை ப்ராசஸர்ல ஓட்டினான், எந்தக் கம்பைலர், ரெண்டும் தெரியணும். கட்டுரையில எழுதலை. அந்தக் காலத்துல யாரும் எழுத மாட்டோம். அந்த நாளைப் பத்தி அவன் உங்ககிட்ட ஏதாவது புலம்பியிருப்பானே. வீட்டுல புலம்பாத ஆளா அவன்? எது ஞாபகம் வந்தாலும் எழுதுங்க, எனக்குப் பிரயோஜனமான்னு பார்க்காதீங்க.

பொடி

(அவன் வச்ச பேர். நீங்களும் முன்னாடி அப்படித்தான் கூப்பிடுவீங்க.)


மார்ச் 4

வணக்கம்.

நீ எழுதினதை மூணு தரம் படிச்சேன். புரிஞ்சுது. எங்க மருந்தகத்துலயும் மாத்திரையைப் பாதியா உடைச்சா ரெண்டு பாதியும் ஒண்ணா இருக்காது, தூள் எங்கேயோ போயிடும். அதை வச்சுப் புரிஞ்சுக்கிட்டேன். தப்புன்னா சொல்லு.

புலம்பலுக்கு என்ன குறைச்சல். அந்தப் பெரிய மெஷினுக்கு அவர் வச்ச பேர் மாப்பிள்ளை. எப்ப கேட்டாலும் முறுக்கிக்கும், என்ன செஞ்சாலும் திருப்தி வராது, நாமதான் பின்னாடி போய் நிக்கணும்னு சொல்லுவார். ஊர்ப்பட்ட ஆராய்ச்சிக்காரங்க வரிசையில நிப்பாங்களாமே. "முழு மாப்பிள்ளையையும் கேட்டா மாசக்கணக்குல நிக்கணும், பாதி மாப்பிள்ளை போதும்னு சொல்லிட்டேன், நாளைக்கே வர்றேன்னுட்டார்"னு ஒரு நாள் சிரிச்சுக்கிட்டே வந்தார். நான், "பாதின்னா இடுப்புக்கு மேலயா கீழயா"ன்னு கேட்டேன். அந்தக் கணக்குக்காகத்தான்னு நினைக்கிறேன். நிச்சயமா சொல்ல முடியலை.

இன்னொண்ணு. அந்த மாசம் மாப்பிள்ளைக்கு ஏதோ புதுசா ஏத்தப்போறாங்க, அதுக்குள்ள முடிச்சாகணும்னு பறந்தார். முடிச்சுட்டார். ஏத்தினப்புறம் ஒரு வாரம் எதுவுமே ஓடலைன்னு திட்டினார். அப்ப அவர் பழைய கம்பைலர்லதான் ஓட்டியிருக்கணும், இல்லையா?

இதை எழுத உக்கார்ந்ததும் வேற ஒண்ணும் ஞாபகம் வந்துடுச்சு. குட்டி பிறந்தப்ப உனக்குப் பரீட்சை, நீ வரலை. என் ரெண்டு கைக்குள்ள அடங்குற அளவுதான் இருந்தா. மூச்சுக் கருவியில போட்டுட்டாங்க. என்னை உள்ள விடலை, எனக்கே உடம்பு சரியில்லை. இவர் கண்ணாடிக்கு வெளியில நின்னுக்கிட்டே இருந்தார். வந்து என் கட்டில்ல உக்கார்ந்து, "அந்த மெஷின் ரொம்ப வேகமா அடிக்குது. அவ்வளவு வேணுமான்னு யாருக்கும் தெரியலை. கேட்டா வழக்கமா இவ்வளவுதான் குடுப்போம்னு சொல்றாங்க"ன்னார். அது வரைக்கும் எண்ணெய்க் குழாய்க்குள்ள எண்ணெய் ஓடுறதைக் கணக்குப் போட்டுக்கிட்டிருந்த மனுஷன். அன்னையிலிருந்துதான் நுரையீரல்.

குட்டிக்கு இப்ப முன்பல் ரெண்டும் விழுந்துடுச்சு. அத்தைன்னு சொன்னா காத்துதான் வருது.

அண்ணி


மார்ச் 20

அண்ணி,

வந்துடுச்சு.

மாப்பிள்ளையை முன்னாடி பார்த்துக்கிட்டவரைத் தேடிப் பிடிச்சேன், இப்ப வேற இடத்துல வேலை பார்க்கிறார். முழு மெஷினுக்கு எத்தனை ப்ராசஸர், பழைய கம்பைலர் எது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. "உங்க அண்ணனா, என்கிட்ட சண்டை போடாத நாளே கிடையாது, நல்ல மனுஷன்"னார். பழைய கம்பைலரை எங்க மெஷினுக்குள்ள ஒரு தனி அறை மாதிரி கட்டி உக்கார வச்சேன். பாதி மாப்பிள்ளைன்னா ஐந்நூத்திப் பன்னிரண்டு ப்ராசஸர். அதைக் குடுத்து ஓட்டினேன்.

கீழ்ப்பகுதி திறந்துது அண்ணி. முழுசா. கட்டுரையில அவன் எழுதின எண்ணைப் பக்கத்துல வச்சுக் கடைசி இலக்கம் வரைக்கும் ஒப்பிட்டேன். எழுத்துக்கு எழுத்து அதே.

அவன் எதையும் மாத்தலை. வந்ததைத்தான் எழுதியிருக்கான். நீங்க கேட்ட கேள்விக்கு இப்ப பதில் சொல்றேன். பொய் சொல்லலை.

ஆபீஸ்லயே அழுதுட்டேன். அடுத்த மேஜையில வானிலைக் கணக்குப் போடுற பெரியவர் ஒருத்தர் இருக்கார், யாரோடயும் பேச மாட்டார். எழுந்து வந்து தண்ணி பாட்டிலை வச்சுட்டு, "தப்பா வந்துடுச்சா?"ன்னார். "இல்லை சார், சரியா வந்துடுச்சு"ன்னேன். "அதுக்கு யாராவது அழுவாங்களா"ன்னு போயிட்டார்.

பொடி


மார்ச் 28

பொடி,

உன் கடிதத்தைப் படிக்கட்டுல நின்னுக்கிட்டே பிரிச்சேன். கீழ்வீட்டுக்காரங்க என்னமோ ஏதோன்னு வந்துட்டாங்க.

குட்டிகிட்ட, "அப்பா போட்ட கணக்கை அத்தை மறுபடி போட்டுப் பார்த்தா, அப்பா சொன்னது அப்படியே வந்துடுச்சு"ன்னு சொன்னேன். "அப்பாக்கு எத்தனை மார்க்?"ன்னா. "நூத்துக்கு நூறு"ன்னேன். ஸ்கூல்ல போய் எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கா.

இந்த ரெண்டு வருஷத்துல அவரைப் பத்தி நல்லதா ஒண்ணு புதுசா கேள்விப்படுறது இதுதான் முதல் தடவை. இனிமே எதுவும் புதுசா வராதுன்னு நினைச்சிருந்தேன்.

இன்னொரு விஷயம் உனக்குச் சொல்லணும். பச்சைக் குழந்தைங்க வார்டு டாக்டரம்மா, குட்டியைப் பார்த்துக்கிட்டவங்க, அவங்க ஜூன்ல ஒரு சோதனை ஆரம்பிக்கிறாங்க. இவர் சொன்ன குறைஞ்ச அழுத்தத்தை நிஜக் குழந்தைங்களுக்குக் குடுத்துப் பார்க்கிறது. அந்த ரெண்டு பேரோட கட்டுரை வந்ததும் அவங்க யோசனையில இருந்தாங்க. நேத்து மருந்தகத்துக்கு வந்தப்ப நீ எழுதினதைச் சொன்னேன். "அப்படின்னா என் மனசுல இருந்த பாரம் இறங்கிச்சு, ஆரம்பிச்சுடலாம்"னு சொன்னாங்க. அவர் நினைச்சது நடக்கப்போகுது.

லீவு கிடைச்சா வா. கட்டில் ஒண்ணுதான், ஆனா குட்டி கீழே படுத்துக்குறேன்கிறா.

அண்ணி


ஏப்ரல் 5

அண்ணி,

இதை எழுத எனக்குக் கை வரலை. நாலு தாள் கிழிச்சுட்டேன்.

அதே விடை வந்த அன்னைக்கே எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். அந்த ரெண்டு பேர் முகத்துல வீசுறதுக்கு அது போதும். ஆனா எனக்குள்ள ஒண்ணு உறுத்திக்கிட்டே இருந்துது. ஐந்நூத்திப் பன்னிரண்டுல திறக்குது. ஐந்நூறுல?

ஓட்டினேன். திறக்கலை. அறுநூறுல ஓட்டினேன், திறந்துது. ஆயிரத்துல திறக்கலை. அப்புறம் ப்ராசஸரை மாத்தாம, ஆரம்ப அழுத்தத்துல பதினஞ்சாவது இலக்கத்தை மட்டும் தொட்டுத் தொட்டு ஓட்டினேன். எந்தக் கருவியாலயும் அளக்க முடியாத வித்தியாசம் அது. நூறு தடவைக்கு மேல ஓட்டிட்டேன். பத்துல ஏழு தடவை முழுசா திறக்குது. மூணு தடவை கீழ்ப்பகுதி மூடியே கிடக்கு.

அண்ணன் ஒரு தடவை ஓட்டினான், திறந்துது. திறக்கும்னு எழுதினான். அந்த ரெண்டு பேரும் ஒரு தடவைதான் ஓட்டியிருக்காங்க, திறக்கலை. திறக்காதுன்னு எழுதினாங்க. மூணு பேருமே கண்ணால பார்த்ததைத்தான் சொன்னாங்க. மூணு பேர் சொன்னதும் தப்பு. சரியான பதில், சில சமயம் திறக்கும், சில சமயம் திறக்காது.

அவன் பொய் சொல்லலைன்னு எழுதினேனே, அது அப்படியேதான் இருக்கு. ஆனா அவன் சொன்னது நம்பி ஒரு குழந்தைக்குக் குடுக்கிற அளவுக்கு உறுதியானது இல்லை.

அவனுக்குத் தெரிஞ்சிருக்குமான்னு நீங்க கேட்பீங்க. தெரிஞ்சிருந்தா மறுபடி ஓட்டியிருப்பான்னுதான் நினைக்கிறேன். மாப்பிள்ளை வரிசை, புதுசு ஏத்துறதுக்குள்ள முடிக்கிற அவசரம், ஒரு தடவைக்கு மேல இடம் கிடைச்சிருக்காது. இதெல்லாம் என் ஊகம்.

முதல்ல வந்ததை மட்டும் வெளியில சொல்லி நிறுத்திக்கலாம். யாரும் மேல கேட்க மாட்டாங்க. அவன் பேர் சுத்தமாயிடும். உங்ககிட்ட மறைச்சுட்டு நானா முடிவு எடுக்க எனக்கு மனசு வரலை.

பொடி


ஏப்ரல் 12

இந்தக் கடிதத்தை நீ எழுதாம இருந்திருக்கலாம்.

அவரை எனக்கு ஒரு வாரம் திருப்பிக் குடுத்தே. எட்டாவது நாள் வந்து வாங்கிட்டுப் போறே. உனக்கு உறுத்துச்சுன்னா நீயே வச்சுக்கிட்டிருக்க வேண்டியதுதானே, எதுக்கு என்கிட்ட கொண்டுவந்து இறக்குறே?

குட்டிகிட்ட நூத்துக்கு நூறுன்னு சொல்லியிருக்கேன்.

எனக்கு இப்ப எதுவும் எழுத வேண்டாம்.


ஏப்ரல் 17

அண்ணி,

எழுத வேண்டாம்னு சொன்னீங்க. இது ஒண்ணு மட்டும்.

நான் யாருக்கும் எதையும் அனுப்பலை. அந்த ரெண்டு பேருக்கும் பதில் எழுதலை. நீங்க சொல்ற வரைக்கும் உங்களுக்காகக் காத்திருக்க முடியும். ஜூன் மாசத்தை நிறுத்தி வைக்க என்னால முடியாது.

கோபம் தீரலைன்னா தீர வேண்டாம். கோபத்தோடவே அந்த டாக்டரம்மா முகவரியை மட்டும் அனுப்புங்க, அவங்களுக்கு நானே எழுதிக்கிறேன். உங்க பேர் வராது.

பொடி


ஏப்ரல் 30

பொடி,

முகவரி அனுப்ப வேண்டியதில்லை. நானே போயிட்டு வந்துட்டேன்.

உன் கடிதம் வந்தப்புறமும் ரெண்டு நாள் பேசாமத்தான் இருந்தேன். மூணாவது நாள் வார்டுல இருந்து மருந்துச் சீட்டு வந்துது, எடுத்துக் குடுக்க ஆள் இல்லை, நானே கொண்டுபோனேன். குட்டி பிறந்தப்ப பார்த்ததுதான், அதுக்கப்புறம் அந்தக் கண்ணாடிக்குப் பக்கத்துல நான் போனதே இல்லை. சுத்தி வேற வழியா போவேன். அன்னைக்கு நின்னு பார்த்தேன். உள்ள ஆறு பேர். எல்லாம் கையளவு. ஒரு அப்பா கண்ணாடியில நெத்தியை வச்சுக்கிட்டு நின்னார். நான் அவரைப் பார்த்து, இவர் குழந்தை ஏழுல இருக்குமா மூணுல இருக்குமான்னு நினைச்சேன்.

நேரா டாக்டரம்மா அறைக்குப் போனேன். உன் கடிதத்தை எடுத்துட்டுப் போகலை, எனக்குப் புரிஞ்ச மாதிரி சொன்னேன். "அவர் கணக்கு சரிதான், ஆனா அது ஒரு தடவைக்குத்தான் சரி. மறுபடி மறுபடி ஓட்டினா பத்துல மூணு தடவை திறக்கலையாம். அவரோட தங்கச்சி பார்த்திருக்கா"ன்னேன்.

அவங்க பேனாவை வச்சுட்டாங்க. "இதை நீங்க வந்து சொல்லணும்னு இல்லையே"ன்னாங்க.

"அவர் இருந்திருந்தா அவர் வந்து சொல்லியிருப்பார்"னேன். சொல்லிட்டு, அது உண்மையான்னு யோசிச்சேன். உண்மைதான் பொடி. முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு, ரெண்டு நாள் யாரோடயும் பேசாம இருந்துட்டு, அப்புறம் போய்ச் சொல்லியிருப்பார். உங்க குடும்பத்து ஆளுங்க எல்லாரும் ஒரே அச்சு.

டாக்டரம்மா கோபப்படலை. அந்த அழுத்தத்துல ஆரம்பிக்க மாட்டேன்னு சொல்லிட்டாங்க. வழக்கமான அழுத்தத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா இறக்கிக்கிட்டே வந்து, ஒவ்வொரு படியிலயும் குழந்தையைப் பார்த்துட்டு அடுத்த படிக்குப் போறதுன்னு திட்டத்தையே மாத்தி எழுதப்போறாங்க. ஜூன்ல இல்லை, தள்ளிப் போகும். எந்த மாதிரிக் கிளைங்க மூடியே இருக்கு, அதுல ஏதாவது பொதுவா தெரியுதான்னு உன்கிட்ட கேட்கச் சொன்னாங்க. நீ அவங்களுக்கு எழுது.

உனக்கு ஒண்ணு சொல்லணும். ‘இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கணும்னு அவர் சொல்லிக்கிட்டே இருந்தார்’னு உனக்கு எழுத எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா. எழுதினா நீ அதை உன் கட்டுரையில போட்டுக்குவே. யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. எத்தனை நாள் யோசிச்சுப் பார்த்தும் அவர் அப்படிச் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்லை. சொல்லலை. கணக்கு முடிஞ்ச அன்னைக்குச் சந்தோஷமா வந்தார், குட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டு வீடு முழுக்கச் சுத்தினார், நல்லாத் தூங்கினார். அவ்வளவுதான்.

நீ எழுதுறதை எழுது. எல்லாத்தையும் எழுது. அவர் பேரை அதுல இருந்து எடுத்துடாதே. தப்பு இருக்கிற இடத்துலயும் அவர் இருக்கட்டும்.

அன்னைக்குக் கோபத்துல எழுதிட்டேன். நீ கொண்டுவந்து என்கிட்ட இறக்கினது சரிதான். வேற யார்கிட்ட இறக்குவே.

அண்ணி


ஜூன் 21

அண்ணி,

கட்டுரை முடிஞ்சுது. அந்த ரெண்டு பேருக்கும் எல்லாத்தையும் அனுப்பினேன். சண்டைக்கு வருவாங்கன்னு கச்சையைக் கட்டிக்கிட்டு உக்கார்ந்திருந்தேன். ரெண்டு நாள்ல பதில் வந்துது. அவங்களும் மறுபடி ஓட்டிப் பார்த்தாங்களாம், அவங்க மெஷின்லயும் பெரும்பாலான தடவை திறக்குதாம். ‘தேர்ந்தெடுக்கப்பட்டது என்ற சொல்லை எழுதியிருக்கக் கூடாது, உங்கள் குடும்பத்தாரிடம் எங்கள் வருத்தத்தைத் தெரிவியுங்கள்’னு எழுதியிருந்தாங்க. குடும்பத்தார்னா நீங்கதான், தெரிவிச்சுட்டேன். இப்ப நாலு பேரும் சேர்ந்து போடுறோம். முதல் பேர் அண்ணனோடது. இறந்தவர்னு பேருக்குப் பக்கத்துல ஒரு சின்னக் குறி வரும். அதை அச்சுல பார்க்கிறப்ப உங்களுக்குக் கஷ்டமா இருக்கும், முன்னாடியே சொல்லிடுறேன்.

எந்தக் கம்பைலர், எத்தனை ப்ராசஸர், எத்தனை தடவை ஓட்டினோம், எத்தனை தடவை திறக்கலை, ஒண்ணு விடாம எழுதியிருக்கோம். யார் வேணாலும் எடுத்து ஓட்டலாம். டாக்டரம்மா கேட்டதுக்கும் ஒரு பதில் கிடைச்சிருக்கு. மூடிக் கிடக்கிறது பெரும்பாலும் ஒரே கிளைக்கூட்டம். அதைத் திறக்க அழுத்தத்தைவிட, ஆரம்பத்துல கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிச்சு வைக்கிறது உதவுற மாதிரி தெரியுது. மாதிரி தெரியுதுன்னுதான் சொல்லியிருக்கேன். இன்னும் பல தடவை ஓட்டணும். அவங்க, "நீங்க ஓட்டுங்க, நான் அவசரப்படலை"ன்னாங்க.

இதோட கட்டுரையோட பிரதியும் ஒரு படமும் அனுப்புறேன், படத்தை டிவியில போட்டுப் பார்க்கலாம். நான் ஓட்டின நுரையீரல் எல்லாத்தையும் ஒரே திரையில வரிசையா வச்சிருக்கேன். காத்து போற கிளை வெள்ளையாகும், மூடினது நீலமாவே இருக்கும். முதல் வரிசையில முதலாவது அண்ணன் பார்த்தது, அதே ஐந்நூத்திப் பன்னிரண்டு. குட்டிக்குக் காட்டலாமா வேண்டாமான்னு நீங்க பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

பொடி


ஜூலை 3

பொடி,

கட்டுரையில அந்தக் குறியைப் பார்த்தேன். கஷ்டமாத்தான் இருந்துது. ஆனா உன் பேருக்குப் பக்கத்துலயே அவர் பேர் இருக்கு, ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல உக்கார்ந்த மாதிரி. அதனால பரவாயில்லை.

குட்டிகிட்ட நூத்துக்கு நூறைத் திரும்ப வாங்குறதுதான் பெரிய பாடா இருந்துது. "அப்பா சொன்னது எல்லாத் தடவையும் வராதாம், சில தடவைதான் வருமாம்"னேன். யோசிச்சா. "அப்ப எத்தனை மார்க்?"ன்னா. "எழுபது"ன்னேன். "எழுபது பாஸ்தான்"னுட்டுப் போயிட்டா. இத்தனை நாளா நான் இதுக்காகவா பயந்தேன்னு இருந்துது.

படத்தை நான் முதல்ல தனியா பார்த்தேன். அப்புறம் நேத்துச் சாயங்காலம் அவளையும் உக்கார வச்சேன். திரை முழுக்க நீலமா குட்டி குட்டி மரம் மாதிரி. ஒண்ணுக்கு மேல ஒண்ணா வெளுக்க ஆரம்பிச்சுது. முதலாவதைக் காட்டி, "அப்பா பார்த்தது இதுதான்"னேன். அது முழுசா திறந்து முடிச்சுது. மத்ததெல்லாம் ஒண்ணொண்ணா திறந்துது, சிலது பாதியிலயே நின்னுடுச்சு. நின்னதையெல்லாம் எழுந்து போய் விரலால தொட்டுத் தொட்டுப் பார்த்தா. டிவி முழுக்க ரேகை.

அவளுக்கு அவ பிறந்த கதை தெரியும், மூச்சுக் கருவியில இருந்ததும் தெரியும். என் பக்கம் திரும்பி, "இதுல நான் எதும்மா?"ன்னு கேட்டா.

இதெல்லாம் கம்ப்யூட்டர் போட்டது, இதுல நீ இல்லைன்னுதான் சொல்லியிருக்கணும். சொல்ல வாய் வரலை. படத்தை முதல்ல இருந்து மறுபடி போட்டேன். மூணாவது வரிசையில கடைசிக்கு முந்தினது ஒண்ணு இருக்கு, நீ பார்த்திருப்பே. மத்தவங்க எல்லாம் திறந்து முடிச்சப்புறமும் அது மட்டும் கீழே நீலமாவே கிடக்கும். இது அவ்வளவுதான்னு நாம விட்டுடுற நேரத்துல மெதுவா ஒரு கிளை, அப்புறம் பக்கத்துக் கிளை.

அதைக் காட்டினேன். "நீ ரொம்ப லேட்டு"ன்னேன்.

அவ அதையே பார்த்துக்கிட்டு நின்னா. கடைசிக் கிளை வெளுக்கிற வரைக்கும் அவளும் மூச்சை அடக்கிக்கிட்டே இருந்தா. அப்புறம் விட்டா.

அண்ணி